பதினேழாவது துணி

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

நம் ஊர்க்காரர்கள் ஆலை மேல் போட்ட வழக்குக்கான பெட்டியை இன்று காலை லாரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். இருபத்துநாலு துணியும் உள்ளே இருக்கிறது. ஒவ்வொன்றையும் சுருக்கம் விழாமல் தாளோடு சேர்த்து உருட்டி, மேலே பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறேன். "நனையாம பாத்துக்கங்க" என்றேன். "ஏன் சார், நனைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். இது ஒரு நாள் முழுக்க ஆற்றில் ஊறிய துணி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் மனிதர் பெட்டியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

கண்காட்சிக்கூடத்து அம்மாளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "ஓவியத்த யாராவது கோர்ட்டுக்கு அனுப்புவாங்களா?" என்று முகத்தைச் சுளித்தார். அக்டோபரில் அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து பார்க்கப் போகிறார்களாம். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் துணிகள் நிரந்தரமாக அங்கேயே தொங்கும். 'இது ஓவியம் ஆவதற்கு முன்னால் என் அக்காவின் துணி' என்று சொல்லிவிட்டு வந்தேன். கெத்தாகத்தான் சொன்னேன். படி இறங்கும்போது, அருங்காட்சியகம் கைநழுவிப் போனால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டது வேறு விஷயம்.

நினைத்தால் சிரிப்பு வருகிறது. சாய ஆலை நம் ஆற்றை என்ன செய்கிறது என்று வரையப் போகிறேன் என்று உன்னிடம் அளந்துகொண்டிருந்தபோது, "நீ ஏண்டா வரையணும்? ஒரு துணியக் கட்டித் தொங்கவிடு, ஆறே வரையும்" என்றாய். பம்ப் ஹவுஸ் ஆபரேட்டரான நீ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் நான் கலைஞன் என்று பெயர் வாங்கிவிட்டேன். மாதத்தின் முதல் செவ்வாய் காலை ஆறு மணிக்குத் துணியைப் பம்ப் ஹவுஸிலிருந்து ஆற்றில் இறங்கும் இரும்பு ஏணியில் கட்டி, புதன் காலை ஆறுக்கு அவிழ்த்து, நிழலில் உலர்த்தித் தபாலில் போட்டதெல்லாம் நீ. கடிதம் மேலே, துணி உள்பொட்டலத்தில். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே, பிரிக்கும்போது நானே புதிதாகப் பார்க்க வேண்டும் என்று நான் போட்ட விதியை நீ ஒரு மாதம்கூட மீறவில்லை. நான் வாங்கித் தொங்கவிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. விசாரணை முடியட்டும், நேரில் வரும்போது சொல்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். குட்டியின் முழங்கைப் புண் ஆறியதா?

உன்,
மைக்கூடு

&nbsp;

ஆகஸ்ட் 21

ஓவியர் அவர்களுக்கு,

பதினொரு தடவை போன் செய்திருக்கிறாய். எடுக்க மாட்டேன். போனில் நீ பேச ஆரம்பித்தால் கடைசியில் நான்தான் உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். எழுது. தாளில் எழுதியதை இழுத்து வளைக்க முடியாது.

மைக்கூடு என்று கையெழுத்துப் போடாதே. கையெல்லாம் மையை அப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பையனுக்கு நான் வைத்த பெயர் அது. அவன் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

என்ன நடந்தது என்று உனக்கு நம் வக்கீலம்மா சொல்லியிருப்பார். நானும் சொல்கிறேன், கேள். ஆலையின் வக்கீல் துணிகளை ஒவ்வொன்றாக விரிக்கவில்லை. நேராகப் பதினேழாவதை எடுத்தார். இன்னொரு கையில் உன் கண்காட்சிச் சுவரொட்டி. அதில் பெரிதாகப் போட்டிருக்கிறாயே, ரத்தம் போல ஒரு சிவப்பு, எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்ததாக எழுதினாயே, அது பதினேழாவது துணியாம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இந்த மடிப்புல நீல நூல்ல தேதி தைச்சிருக்கே, இது உங்க கைதானேம்மா?"

"ஆமா."

"மே ஆறு. நீங்கதான் ஆத்துல கட்டினீங்களா?"

"ஆமா."

"போன வருஷம் ஏப்ரல் இருபத்தெட்டுலேர்ந்து மே இருபத்துநாலு வரைக்கும் ஆலையே ஓடல. பாய்லர் வெடிச்சு மூடிக் கெடந்துச்சு. இதோ சான்றிதழ். ஓடாத ஆலைலேர்ந்து இவ்வளவு சாயம் எப்படிம்மா வந்துச்சு?"

முதலில் துணியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு நூலைப் பார்த்தேன். ஆறு என்ற எண்ணை நான் எப்போதும் கொஞ்சம் சாய்த்துத் தைப்பேன். சாய்ந்துதான் இருந்தது.

"நீங்க அவுக்கும்போது என்ன நிறத்துல இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வெள்ளையா இருந்துச்சு" என்றேன்.

சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். சத்தியம் செய்துவிட்டு நின்ற இடத்தில், கண்ணெதிரே சிவப்புத் துணி கிடக்க, அதை வெள்ளை என்று சொன்ன பைத்தியக்காரி நான். மற்ற இருபத்துமூன்றையும் சேர்த்து நம்ப முடியாதவை என்று நீதிபதி ஒதுக்கி வைத்துவிட்டார். அதிகாரிகள் தண்ணீர் எடுக்க வருவது ஆலைக்கு முந்தின நாளே தெரிந்துவிடும், அன்றைக்கு ஆலையின் கழிவுக் குழாய் உத்தமன் வேஷம் போடும். யாருக்கும் சொல்லாமல் கட்டிய இந்தத் துணிகளை விட்டால் எங்களுக்கு வேறு ஆதாரம் கிடையாது. அது உனக்கும் தெரியும்.

அக்டோபர் 6 கடைசி விசாரணை. அன்றைக்கும் ஒன்றுமில்லை என்றால் வழக்கு தள்ளுபடி.

ஒரே கேள்வி. அந்தத் துணிக்கு என்ன ஆயிற்று?

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 27

அக்கா,

கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னை அப்படி நிற்க வைத்துச் சிரித்தவர்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொல்லி முடியாது.

யோசித்துப் பார்த்தேன். துணிகளை நெருக்கமாக உருட்டினால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஒட்டுவது உண்டு. இங்கே மழை வேறு. லாரியில் மூன்று நாள் போயிருக்கிறது. பதினாறாவது துணி நல்ல சிவப்பு, உனக்கே நினைவிருக்கும். அதற்கு அடுத்து இருந்ததில் இறங்கியிருக்கலாம். இதை எழுத்தில் கொடுக்க நான் தயார். வக்கீலம்மாவிடம் கேட்டுச் சொல்.

நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? கோபத்தில் பட்டினி கிடப்பாய், எனக்குத் தெரியும்.

தம்பி

&nbsp;

செப்டம்பர் 2

ஓவியர் அவர்களுக்கு,

யாருக்குக் காது குத்துகிறாய்? லாரி வந்தது ஆகஸ்டில். சுவரொட்டி அச்சடித்தது பிப்ரவரியில். பிப்ரவரியில் சிவப்பாக இருந்த துணிக்கு ஆகஸ்டில் எப்படிச் சாயம் இறங்கும்? பொய் சொல்வதற்கும் நாள் கணக்கு பார்க்க வேண்டும். நான் தினமும் காலையில் ஆற்றின் மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுகிறவள். என்னிடமா?

உன் கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இதையும் தெரிந்துகொள். அந்த மே மாதம் உன் மாமாவுக்குக் குடல் ஆபரேஷன். திங்கள்கிழமை வயிற்றைக் கிழித்தார்கள். செவ்வாய் காலை நாலரைக்கு அவர் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம், "ஒரு மூணு மணி நேரம் பாத்துக்கங்கக்கா" என்று கெஞ்சிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஆற்றுக்குப் போனேன். எனக்கு அன்றைக்கு லீவுதான். துணிக்கு லீவு இல்லையே. கட்டிவிட்டு ஓடி வந்தேன். புதன்கிழமையும் அதே இரண்டு பஸ்.

அவிழ்க்கப் போனபோது ஏணியின் கடைசிப் படி தெரிந்தது. பதின்மூன்று வருஷமாக அந்த ஏணியில் இறங்குகிறேன். தண்ணீருக்குள் எத்தனை படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். ஐந்து. அடியில் கூழாங்கற்கள். கட்டைவிரல் அளவில் ஒரு மீன் வந்து துணியைக் கொத்திவிட்டுப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனபோதுகூட நான் அழவில்லை.

ஆலை மூடியிருந்தது எனக்குத் தெரியாது. ஏப்ரல் கடைசியிலிருந்தே நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தேன். அதனால் இந்த மாதம் ஆறு ஏன் இப்படி இருக்கிறது என்று புரியவில்லை. உனக்கு எழுதவும் துடித்தது. ஆனால் நிறத்தைப் பற்றி எழுதக் கூடாது என்பது உன் விதி. 'மாமாவுக்கு ஆபரேஷன், எழுத நேரமில்லை, துணி உள்ளே' என்று மட்டும் எழுதினேன். நீ பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பாய் என்று நினைத்துக்கொண்டே தபாலில் போட்டேன்.

இப்போது உனக்குப் புரிகிறதா? ஆலை ஓடிய இருபத்துமூன்று மாதம் சிவப்பு, நீலம், பச்சை. ஆலை மூடிய ஒரே மாதம் வெள்ளை. வேறு எந்த ஆதாரமும் தேவையில்லை. அவர்களுடைய சான்றிதழே நமக்குச் சாட்சியாக நின்றிருக்கும். அந்த ஒரு துணிதான் வழக்கே.

அதை என்ன செய்தாய்? பூசி மெழுகாமல் சொல்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 9

அக்கா,

நான்தான் சாயம் போட்டேன்.

போன வருஷம் ஜூன் மாதம். கடைப் பவுடர். சிவப்பில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து, பக்கத்துத் துணியின் நிறத்துக்கு ஒத்து வரும்வரை மூன்று தடவை முக்கினேன்.

ஆனால் ஏன் என்று கேள், அக்கா. கேட்காமல் தூக்கில் போட்டுவிடாதே. பொட்டலத்தைப் பிரித்தேன், வெள்ளை. கடிதத்தில் மாமாவுக்கு ஆபரேஷன் என்று இரண்டே வரி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவளால் எப்படி ஆற்றுக்குப் போக முடியும்? போகவில்லை, என்னை ஏமாற்றமடைய வைக்க வேண்டாம் என்று நனைக்காத துணியை அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கோபமே வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. உன்னைக் கேட்டால் நீ கூனிக் குறுகிப் போவாய். ஒரு மாதம் விடுபட்டதை நான் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது, உன் மேல் ஒரு சொல் விழாது. உனக்காகத்தான் செய்தேன்.

அப்போது வழக்கு என்ற பேச்சே இல்லை. வழக்கு வந்த பிறகு சொல்லியிருக்க வேண்டும். பெட்டியை அனுப்பிய அன்றைக்குக்கூட எழுத ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். இருபத்துநாலில் ஒன்றை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மன்னித்துவிடு.

தம்பி

&nbsp;

செப்டம்பர் 15

உனக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "உனக்காகச் செஞ்சேன்னு எழுதியிருக்கானே" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

சாயம் போட்டதை ஒருவேளை நான் என்றைக்காவது தாங்கிக்கொள்வேன். நீ சின்ன வயதிலிருந்தே வெள்ளையாக எதையும் விட்டுவைத்தது கிடையாது, வீட்டுச் சுவர் உட்பட. ஆனால் நான் ஏமாற்றினேன் என்று நினைத்தாயே. நனைக்காத துணியில் தேதியைத் தைத்து, நனைத்ததாக உனக்கு அனுப்புவேன் என்று நினைத்தாயே. அதை நினைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பாவப்பட்டாயாம். உன் பாவத்தை நீயே வைத்துக்கொள்.

அப்பா போன பிறகு உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நான். சைக்கிளில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது நான். அப்போதுகூட, பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொல்லிக் கையை விட்டதில்லை. 'விடப் போறேன்டா' என்று சொல்லிவிட்டுத்தான் விட்டேன். உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று முப்பது வருஷத்தில் உனக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். 'அக்கா, துணியை நனைத்தாயா?' மூன்றே வார்த்தை. ஆமாம் என்று சொல்லியிருப்பேன். மீனைப் பற்றியும் சொல்லியிருப்பேன். கேட்காமல் நீயே நீதிபதியாகி, நீயே தீர்ப்புச் சொல்லி, அதற்கு நீயே சாயமும் பூசிவிட்டாய். இதற்குத் துரோகம் என்று பெயர். வேறு நல்ல வார்த்தை இருந்தால் எழுதி அனுப்பு.

இன்னொன்று. சத்தியம் செய்துவிட்டு நான் பொய் சொன்னதாக ஆலைக்காரர்கள் எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். என்னைப் பம்ப் ஹவுஸிலிருந்து மாற்றி, புகார் எழுதும் கவுன்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஜனங்கள் வந்து, "வாளியில செவப்பா கோடு விழுதும்மா" என்று சொல்கிறார்கள். நான் எழுதிக்கொள்கிறேன். நேற்று எங்கள் தெருத் தையல்காரி வந்தாள். என்னைப் பார்த்ததும் புகாரே சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். பொய்க்காரியிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

குட்டியின் முழங்கையைக் கேட்டிருந்தாய். ஆறவில்லை. இப்போது இரண்டு கையிலும்.

இனி எழுதாதே.

&nbsp;

செப்டம்பர் 22

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

உனக்காகச் செய்தேன் என்றது சப்பைக்கட்டு. முழுப் பொய் இல்லை, அதனால்தான் இத்தனை நாள் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான். ஜூன் மாதம் கண்காட்சிக்கூடத்து அம்மாள் என் அறைக்கு வந்தார். அதுவரை வந்த துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். வெள்ளைத் துணி பல் விழுந்த வாய் போலத் தெரிந்தது. "இது இன்னும் முடியலையா?" என்று கேட்டார். நான் உடனே, "ஆமா, இன்னும் முடியல" என்றேன். அவர் போனதும் வாளியில் தண்ணீர் பிடித்தேன்.

உனக்குப் பரிந்துகொண்டு செய்தேன் என்ற எண்ணம் சாயம் கலக்கும்போதுதான் வந்தது. வந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வரிசை அழகாக இருக்க வேண்டும் என்பதுதான் முதலில் வந்தது. ஆற்றுக்காகப் படம் செய்கிறேன் என்று மேடை மேடையாகப் பேசியவன், ஆறு ஒரே ஒரு மாதம் நன்றாக இருந்ததை அசிங்கம் என்று மறைத்தேன். அதற்குத்தான் எல்லோரும் கை தட்டினார்கள்.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

துணி வந்த அன்றைக்கே அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, நீளமான நோட்டில் ஒட்டித் தேதி போட்டு வைப்பது என் வழக்கம். வெளிச்சத்தில் தொங்கும் துணி வெளுத்துப் போகும், நோட்டில் இருப்பது அப்படியே இருக்கும். இது உனக்குத் தெரியாது. பதினேழாவதன் கீற்றும் இருக்கிறது. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில். சாயம் போடுவதற்கு முன்னால் வெட்டியது. என் கத்தரி மொக்கை, வெட்டிய ஓரம் கோணல்மாணலாகக் கடித்துவிட்டது போல இருக்கும். சிவப்புத் துணியின் ஓரத்தோடு வைத்தால் பல்லும் பல்லும் பொருந்தும்.

நேற்று அந்தப் பக்கத்தைத் திருப்பி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். அது வெள்ளை இல்லை, அக்கா. நீ வீட்டில் கொதிக்க வைத்த புதுத் துணியின் வெள்ளை எனக்குத் தெரியும், அது கண்ணைக் கூசும். இது லேசான மண் நிறம். வண்டல். ஒரு மூலையில் பச்சையாக ஒரு நூலிழைப் பாசி. ஆற்றில் ஒரு நாள் கிடந்த துணி என்று அதுவே சொல்கிறது. நிறத்தைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. குறை என்று முடிவு கட்டிவிட்டுப் பார்த்தேன்.

இதைக் கொண்டுவந்து கொடுத்தால் என் கதை முடிந்தது. சுவரொட்டியில் இருப்பது போலி என்று நானே என் வாயால் சொன்ன மாதிரி. அருங்காட்சியகம் போகும், கண்காட்சிக்கூடம் போகும், இதற்கு முன்னால் செய்ததையும் சந்தேகப்படுவார்கள். பத்து வருஷ உழைப்பு. பயமாக இருக்கிறது. உன்னிடம் மறைக்கவில்லை. என்ன செய்யட்டும், நீயே சொல்.

தம்பி

&nbsp;

செப்டம்பர் 26

உனக்கு,

என்னைக் கேட்காதே. துணிக்குச் சாயம் போடும்போது கேட்டாயா?

நான் வா என்று சொன்னால், அக்கா சொன்னதால் என் பெயரைக் கெடுத்துக்கொண்டேன் என்று சாகும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாய். வேண்டாம் என்று சொன்னால், அக்காவே வேண்டாம் என்றுவிட்டாள் என்பாய். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை. நோட்டு உன்னுடையது, கத்தரி உன்னுடையது.

அக்டோபர் 6, காலை பத்தரை. இடம் உனக்குத் தெரியும்.

அக்கா

&nbsp;

நவம்பர் 5

உனக்கு,

அன்றைக்கு உன்னிடம் நான் பேசவில்லை என்று மாமா வருத்தப்பட்டார். நீ படியில் நின்று காத்திருந்தாயாம். நான் பின்வாசல் வழியாகப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன்.

கூண்டில் நீ நின்றதைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. உண்மை சொல்லும்போதும் உனக்குக் காது சிவக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆலை வக்கீல், நீ நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். "போலி செஞ்ச ஆளு இப்ப மட்டும் நிஜம் பேசறார்னு எப்படி நம்பறது?" நீ, "என்ன நம்ப வேணாங்க, கத்தரிய நம்புங்க" என்றாய். நீதிபதியே இறங்கி வந்து மேசையில் கீற்றையும் துணியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஓரம் பல்லுக்குப் பல் பொருந்தியது. போன தடவை சிரித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"இது ஆலை மூடியிருந்த மாசம்னு சான்றிதழ் குடுத்தது நீங்கதானே?" என்று அவர் ஆலை வக்கீலிடம் கேட்ட கேள்வியை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

உத்தரவின் நகல் வந்துவிட்டது. குழாய்க்கு முத்திரை வைத்திருக்கிறார்கள், மறு உத்தரவு வரும்வரை. என்னைப் பம்ப் ஹவுஸுக்குத் திருப்பி அனுப்பவில்லை. கவுன்டரிலேயே இருக்கிறேன். தையல்காரி மட்டும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள்.

உன்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைப் படித்தேன். 'சாயம் பூசிய ஓவியர்' என்று தலைப்பு. அருங்காட்சியகம் வேண்டாம் என்றுவிட்டதாகவும் போட்டிருந்தார்கள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். படவில்லை. வருத்தமும் படவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டு மாமாவுக்கு எழுதியிருக்கிறாய். இல்லை. இப்போது இல்லை. அந்தக் கூண்டில் நின்று வெள்ளை என்று சொன்ன நிமிஷம் இன்னும் தூக்கத்தில் வருகிறது.

ஆனால் ஒன்று செய்தேன். இருபத்துநாலோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம். இந்த மாதம் முதல் செவ்வாய், நீல நூலில் தேதி தைத்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் போனேன். அங்கே இப்போது இருக்கும் ஆபரேட்டரிடம் கேட்டுத்தான் ஏணிக்குப் போக முடியும். கேட்டேன். பதின்மூன்று வருஷம் நான் பூட்டித் திறந்த கதவு. முத்திரை உண்மையா, ராத்திரியோடு ராத்திரியாக வேறு குழாய் போட்டிருக்கிறார்களா என்று துணிக்குத்தான் தெரியும். நம் ஊரில் வேறு யாரையும் நம்ப எனக்குத் தெம்பில்லை.

ஏணி வரை போனேன் என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். கட்டினேனா, மனசு வராமல் திரும்பி வந்தேனா, ஆறு எப்படி இருந்தது, எதையும் சொல்லப் போவதில்லை. துணி உள்பொட்டலத்தில் இருக்கிறது. பழைய விதிதான். நீ போட்ட விதி.

பிரித்துப் பார்த்துவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை நினைத்துக்கொள். அல்லது, போன தடவை செய்யாததைச் செய்.

அக்கா

&nbsp;

நவம்பர் 11

அக்கா,

பொட்டலம் திங்கள்கிழமை வந்தது. மேல் தாளைப் பிரித்துக் கடிதத்தை மட்டும் எடுத்தேன். உள்பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. நீ கட்டிய நூல் முடிச்சோடு மேசையில் இருக்கிறது. மூன்று நாளாக அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

அந்த விதியை எடுத்துவிட்டேன். நீ சொன்ன பிறகு பார்க்கிறேன்.

அக்கா, துணியை நனைத்தாயா?

தம்பி